பாதிரியார்கள் ஏன் நிலம் கேட்டார்கள்? பஞ்சமி நிலத்தின் 130 ஆண்டுக் கதை

ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரத்தைத் தாண்டினால் இருபுறமும் மனை விளம்பரங்கள்தான். வாரக் கடைசியில் குடும்பத்தோடு கிளம்பி, இலவச வேனில் ஏறி, 'சைட்' பார்த்துவிட்டு வருவது ஐ.டி. வேலையில் இருப்பவர்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. பட்டா இருக்கிறதா, அப்ரூவல் இருக்கிறதா, லோன் கிடைக்குமா என்று கேட்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் மட்டும் இன்னொன்றையும் கேட்பார்கள்: "இது டி.சி. நிலம் இல்லையே?"

"அதெல்லாம் இல்லைங்க, பயப்படாதீங்க" என்று உடனே பதில் வரும்.

டி.சி. என்பது 'டிப்ரஸ்ட் கிளாஸ்' என்பதன் சுருக்கம். ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு ஆங்கிலேய அரசு நிபந்தனையோடு கொடுத்த நிலம். மக்கள் வாயில் அதன் பெயர் பஞ்சமி நிலம். 'அசுரன்' படம் வந்த 2019-க்குப் பிறகு இந்தச் சொல்லைக் கேள்விப்படாத இளைஞர்கள் குறைவு. ஆனால் இந்த நிலம் எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது என்ற கதை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அதில் ஒரு கலெக்டர் இருக்கிறார், சில ஸ்காட்லாந்து, இங்கிலாந்து பாதிரியார்கள் இருக்கிறார்கள். அவர்களை அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போன, பெயர் பதிவாகாத கூலிக்காரர்கள் ஏராளமானோர் இருக்கிறார்கள்.

கிறிஸ்தவம் வறுமைக்கும் அநீதிக்கும் எதிராக என்ன செய்தது, எங்கே வழுக்கியது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் லத்தீன் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. செங்கல்பட்டே போதும்.

காலடி மண்ணும் சொந்தமில்லை

1890-ஆம் ஆண்டுச் செங்கல்பட்டு ஜில்லாவில் நிலம் மிராசு முறையில் இருந்தது. ஊரின் மிராசுதார்கள், பயிர் செய்யும் வயலுக்கு மட்டும் உரிமை கொண்டாடவில்லை. தரிசு, மேய்ச்சல், மரம், குடியிருக்கும் மனை என்று ஊர் எல்லைக்குள் இருந்த எல்லாவற்றிலும் தங்களுக்குப் பங்கு உண்டு என்றார்கள். வெளியாள் ஒருவர் அங்கே பயிர் செய்தால், விளைச்சலில் ஒரு பகுதியை மிராசுதாருக்குக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டணத்துக்கு என்ன பெயர் தெரியுமா? 'சுதந்திரம்'.

பறையர் சமூகத்தைச் சேர்ந்த கூலிக் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்த மிராசுதார்களிடம் படியாள்களாக இருந்தன. கல்யாணத்துக்கோ சாவுக்கோ ஒரு சிறு தொகை கடன் வாங்குவார்கள். அதை அடைக்கும் வரை அந்த எஜமானரிடமே வேலை. கூலி தானியமாக வரும், அது வயிற்றுக்கே போதாது. பிறகு எங்கே கடனை அடைப்பது? அப்பன் வாங்கிய கடனுக்கு மகன் உழைப்பான். 1843-லேயே ஆங்கிலேய அரசு அடிமை முறைக்குச் சட்ட அங்கீகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. அடிமை என்ற பெயர் போனது, 'கடன்' என்ற பெயர் வந்தது. அவ்வளவுதான்.

சரி, ஓடிவிடலாமே? மிராசு முறையின் உண்மையான பூட்டு இங்கேதான் இருந்தது. சேரியில் குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது. வேலைக்கு வராதவனை, கூலி உயர்த்திக் கேட்டவனை, மகனைப் பள்ளிக்கு அனுப்பியவனைக் குடிசையைப் பிரித்துக்கொண்டு போகச் சொல்லலாம். சாதி, கடன், வறுமை எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை இந்த ஒரு மிரட்டலே செய்துவிடும்.

அரசுக்குச் சொந்தமான தரிசு நிலம் கிடந்ததே, அதைக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அதற்கு 'தரக்காஸ்து' என்ற விண்ணப்ப முறை இருந்தது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்பது காகிதத்தில். செங்கல்பட்டில் மிராசுதாருக்கே முன்னுரிமை. ஒரு படியாள் தரிசு கேட்டு மனு போட்டால், அதுவரை அந்த நிலத்தைத் திரும்பிப் பார்க்காத மிராசுதார் "எனக்கு வேண்டும்" என்று வந்து நிற்பார். மனுவை விசாரிக்கும் மணியக்காரரும் கர்ணமும் பெரும்பாலும் அவருடைய ஆட்கள், அல்லது அவருடைய சொந்தக்காரர்கள்.

சர்ச்சுக்குள் வந்த சண்டை

மிஷனரிகள் இந்த நாட்டுக்கு வந்தது நிலச் சீர்திருத்தம் செய்ய அல்ல. ஆன்மாவை ரட்சிக்க. அவர்களில் பலர் முதலில் மனம் மாற்ற நினைத்தது மேல்சாதியினரை. மேலே இருப்பவர்கள் மாறினால் கீழே இருப்பவர்கள் தானாக வருவார்கள் என்று கணக்குப் போட்டார்கள். சென்னையில் ஆங்கிலக் கல்லூரிகளைத் திறந்ததற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம்.

நடந்தது வேறு. 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு கிராமங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். வந்தவர்கள் வேதாகமத்தில் சந்தேகம் கேட்கவில்லை. "எங்க மனையைக் காலி பண்ணச் சொல்றாங்க, தாசில்தார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க" என்ற மாதிரியான முறையீடுகளோடு வந்தார்கள்.

மிஷனரிகளுக்கு இது பெரிய தர்மசங்கடம். இவர்கள் ஏசுவுக்காக வருகிறார்களா, அரிசிக்காகவா? 'அரிசிக் கிறிஸ்தவர்கள்' என்ற ஏச்சு வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. மிஷன் கூட்டங்களிலும் அதே சந்தேகம் வெளிப்படையாகப் பேசப்பட்டது. உண்மையான மனமாற்றம் எது என்று அளந்து பார்க்க அவர்கள் பட்ட பாடு அந்தக் காலத்து மிஷன் ஆவணங்களில் நிறைய இருக்கிறது.

வரலாற்றாய்வாளர் ரூபா விஸ்வநாத் 2014-ல் வெளிவந்த தன் ஆங்கில நூலில் இந்தக் காலகட்டத்தை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அவருடைய வாதத்தின் சாரம், வழக்கமான கதையைக் கொஞ்சம் தலைகீழாக்குகிறது. மிஷனரிகள் வந்து ஏழைகளை விழிக்க வைத்தார்கள் என்று சொல்வது பாதி உண்மை. தங்களுக்கு எது பூட்டு என்று கூலிக்காரர்களுக்கு முன்பே தெரியும். அந்தப் பூட்டை உடைக்க, மிராசுதாருக்குக் கட்டுப்படாத, வெள்ளை அதிகாரியிடம் நேராகப் பேசக்கூடிய ஒரு ஆள் வேண்டியிருந்தது. அந்த ஆளாகப் பாதிரியார் பயன்பட்டார்.

ஒரு மிஷனரி சேரிக்குப் போய்ப் பள்ளிக்கூடம் கட்ட ஆசைப்பட்டால், முதல் கேள்வி இடம். சேரியில் இடம் வாங்க முடியாது, அது மிராசுதாருடையது. அவர் கொடுக்க மாட்டார். அதாவது, கல்வி கொடுக்கப் போன இடத்தில் மனைச் சண்டை காத்திருந்தது. மதம் பேசிக்கொண்டு ஒதுங்கி நிற்க முடியாத இடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஸ்காட்லாந்து ஃப்ரீ சர்ச்சைச் சேர்ந்த ஆதம் ஆண்ட்ரூ செங்கல்பட்டில் இருந்தார். வெஸ்லியன் மெத்தடிஸ்ட் மிஷனின் வில்லியம் கௌடி திருவள்ளூர் அருகே ஈக்காட்டில் இருந்தார். இருவரும் எழுதினார்கள், மனு போட்டார்கள், அதிகாரிகளை விடாமல் நச்சரித்தார்கள். சென்னை மிஷனரிகளின் மாநாடும் அரசுக்குக் கோரிக்கை வைத்தது. சேரி மக்களுக்கு மனையில் உரிமை கொடுங்கள், தரிசு நிலத்தைக் கொடுங்கள், கடன் பேரில் ஆளைக் கட்டிப்போடுவதை நிறுத்துங்கள் என்பதுதான் இவற்றின் மையம். கஞ்சித் தொட்டி, அநாதை இல்லம் என்ற நிலையிலிருந்து பட்டா கேட்கும் நிலைக்கு மிஷன் வேலை நகர்ந்தது அப்போதுதான்.

கலெக்டர் எழுதிய அறிக்கை

அந்தச் சமயத்தில் செங்கல்பட்டு கலெக்டர் பொறுப்பில் இருந்தவர் ஜே.எச்.ஏ. டிரெமன்ஹீர். செங்கல்பட்டுப் பறையர்கள் பற்றி அவர் 1891-ல் அரசுக்கு அனுப்பிய அறிக்கை இன்றைக்கும் பஞ்சமி நிலப் போராட்ட மேடைகளில் மேற்கோள் காட்டப்படுகிறது. கூலி, உணவு, வீடு, கடன், நிலம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, இந்த மக்கள் முன்னேற விடாமல் தடுப்பது எது என்று விவரித்திருந்தார். அவர்களுடைய 'சோம்பேறித்தனம்', 'குடி' என்று மற்ற அதிகாரிகள் எளிதாக எழுதிவிட்டுப் போன இடத்தில், நிலமும் மனையும் இல்லாததைக் காரணமாக வைத்தார். தரிசு நிலங்களை அவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்.

சென்னை வருவாய் வாரியத்துக்கு இது ரசிக்கவில்லை. நில வரி தடையில்லாமல் வருவது மிராசுதார்களைச் சார்ந்திருந்தது. அவர்களைப் பகைத்துக்கொள்ள எந்த அரசு விரும்பும்? பாதிரிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்ற பேச்சும் இருந்தது.

1892 செப்டம்பர் 30 அன்று வருவாய்த் துறையின் 1010, 1010-ஏ அரசாணைகள் வந்தன. டிரெமன்ஹீரும் மிஷனரிகளும் கேட்டதையெல்லாம் அவை கொடுத்துவிடவில்லை. இன்று மேடைகளில் 'பஞ்சமி நிலச் சட்டம்' என்று சொல்வதைக் கேட்டால், ஒரே கையெழுத்தில் எல்லா நிலமும் வந்துவிட்டது போலத் தோன்றும். கதவு அன்று கொஞ்சம் திறந்தது, அவ்வளவே. 1920-ஐ ஒட்டித் தொழிலாளர் ஆணையர் துறை அமைக்கப்பட்ட பிறகுதான் மனைகளும் நிலங்களும் ஓரளவு வேகமாக ஒதுக்கப்பட்டன. மாநிலம் முழுவதும் மொத்தம் 12 லட்சம் ஏக்கர் என்ற எண் பரவலாகப் புழங்குகிறது.

நிலத்தோடு நிபந்தனையும் வந்தது. முதல் 10 ஆண்டுகளுக்கு விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. அதன் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு மட்டுமே விற்கலாம். மீறினால் விற்பனை செல்லாது, அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மறுபடி மிராசுதார் கைக்கே நிலம் போய்விடக் கூடாது என்ற எச்சரிக்கை அந்த நிபந்தனையில் தெரிகிறது.

இதே 1891-ல், நீலகிரியில் அயோத்திதாசர் திராவிட மகாஜன சபையைக் கூட்டித் தரிசு நிலம் உள்ளிட்ட கோரிக்கைகளை முன்வைத்தார். இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதாவது, சர்ச் மட்டும் தனியாகப் போராடி வாங்கிக் கொடுத்தது என்று சொன்னால் அது வரலாறு ஆகாது. அயோத்திதாசர் பின்னர் 1898-ல் பௌத்தத்துக்குப் போனார். கிறிஸ்தவத்தின் மேல் அவருக்கு இருந்த விமர்சனம் கடுமையானது. சர்ச்சுக்குள்ளும் சாதி உட்கார்ந்திருக்கிறது என்று அவர் பார்த்தார்.

மெல்ரோசாபுரம் என்றொரு ஊர்

சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் மெல்ரோசாபுரம் என்று ஒரு ஊர் இருக்கிறது. பேச்சு வழக்கில் மல்ரோசாபுரம். மகிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்கள் பெயரைக் கேட்டிருக்கலாம். ஆதம் ஆண்ட்ரூ உருவாக்கிய விவசாயக் குடியிருப்பு அது. பெயரில் இருப்பது ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ்.

மனையை எடுத்துக்கொண்டு விரட்டினால் புதிதாக ஒரு ஊரையே கட்டிவிடுவது என்ற யோசனை செங்கல்பட்டில் பிறந்ததல்ல. திருநெல்வேலிச் சீமையில் அது ஏற்கெனவே பழையது. ஊரில் அடிபட்ட கிறிஸ்தவர்களுக்காக 1799-ல் உண்டானது முதலூர். பெயரிலேயே முதல் ஊர் என்று இருக்கிறது. ரேனியஸ் 1830-ல் தர்ம சங்கம் என்ற அமைப்பைத் தொடங்கி, துரத்தப்பட்டவர்களுக்கு நிலமும் வீடும் வாங்க வழி செய்தார். டோனாவூர், மெய்ஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம் என்று தென் மாவட்டங்களில் விநோதமாக ஒலிக்கும் ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் மிஷன் காலத்துக் குடியேற்றங்கள் இருக்கின்றன.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் இருந்தது. மிஷன் வாங்கிய நிலத்தில் குடியிருப்பவருக்கு, மிஷன்தான் இப்போது நிலச்சொந்தக்காரர். ஐயருக்குப் பிடிக்காததைச் செய்தால் என்ன ஆகும் என்ற பயம் முழுவதுமாகப் போய்விடாது. (தென் மாவட்டங்களில் பாதிரியாரை இன்றும் 'ஐயர்' என்றே அழைப்பார்கள்.) பரிவோடு நடத்துகிற எஜமான் என்றாலும் எஜமான்தான். பட்டா குடும்பத்தின் பெயரில் வருவதற்கும் மிஷனின் பெயரில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமானதல்ல.

கோயிலுக்குள் எழுந்த சுவர்

சேரிக்கு மனை கேட்டுப் போராடிய அதே மதத்தின் ஆலயங்களுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தால் படம் மாறுகிறது.

திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய கத்தோலிக்க ஆலயம் கால்சட்டை வடிவில் இரண்டு கிளைகளாக இருந்தது. ஒரு கிளையில் ஒரு சாதி, மறு கிளையில் இன்னொரு சாதி, நடுவில் சுவர். பலிபீடத்தில் நிற்கும் குருவை மட்டும் இரண்டு பக்கமும் பார்க்கலாம். 1910-ல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வழக்கு வேறு நடந்தது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் (இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டம்) தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். பொதுவழியில் பிணம் கொண்டுபோவதில்கூட அங்கே பிரச்சினை இருந்தது. மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்து இருவர் இறந்தார்கள். அடித்துக்கொண்ட இரு தரப்பும் ஒரே ஆலயத்துக்குப் போகிறவர்கள். தமிழ்நாட்டின் பல ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இருப்பது இன்றும் தொடர்கிறது.

2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த போப் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் தலித்துகளுக்கான ஒரு கொள்கை ஆவணத்தை வெளியிட்டது, அதில் சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஹைதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-ல் கர்தினால் ஆனபோது, தலித் சமூகத்திலிருந்து அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் ஆள் அவர்தான். ஐரோப்பியக் கப்பல்கள் வந்திறங்கி ஐந்து நூற்றாண்டுகள் கழித்து!

உள்ளேயிருந்தே எதிர்த்தவர்களும் உண்டு. லத்தீன் அமெரிக்காவில் 1968 மெதெயின் ஆயர் மாநாட்டுக்குப் பிறகு விடுதலை இறையியல் வளர்ந்தது. பெரு நாட்டுக் குரு குஸ்தாவோ குத்தியரெஸின் நூல் 1971-ல் வந்தது. வறுமை என்பது கடவுள் கொடுத்த விதி அல்ல, மனிதர்கள் உண்டாக்கிய அநீதி என்று அது பேசியது. இந்தியாவில் இதைப் படித்தவர்களுக்கு ஒன்று உறைத்தது: வர்க்கத்தை மட்டும் பேசினால் இங்கே கணக்கு நேராகாது, சாதியைச் சேர்க்க வேண்டும். 1980-களில் அரவிந்த் நிர்மல் போன்றவர்கள் தலித் இறையியலைத் தொடங்கினார்கள். மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்ற பெயரில், பறையையும் நாட்டுப்புற மெட்டையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். ஆர்கனும் கீர்த்தனையும் மட்டுமே புனிதம் என்று பழகிய காதுகளுக்கு அது அதிர்ச்சியாகத்தான் இருந்திருக்கும்.

ஒரு பெட்டிக்கடையும் உச்ச நீதிமன்றமும்

இப்போது பிரச்சினையின் இன்னொரு முனை. 1980-களின் தொடக்கத்தில், சாலையோரம் செருப்புத் தைக்கும் பட்டியல் சாதியினருக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுக்கும் அரசுத் திட்டம் ஒன்று வந்தது. சென்னையில் அதே வேலை செய்துவந்த சூசைக்குக் கடை கிடைக்கவில்லை. பிறப்பால் அவர் ஆதிதிராவிடர். அதே சாலையோரம், அதே வெயில், அதே ஊசியும் நூலும். ஆனால் கிறிஸ்தவர்.

காரணம், 1950-ல் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணை. இந்து அல்லாத ஒருவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்று அது சொன்னது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே.

சூசை உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதைக் காட்டப் போதுமான விவரங்கள் முன்வைக்கப்படவில்லை என்று கூறி, நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. தீர்ப்பு வந்த நாள் 1985 செப்டம்பர் 30. செங்கல்பட்டு அரசாணை வந்த அதே தேதி, 93 ஆண்டுகள் கழித்து. தற்செயல்தான்.

தீர்ப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 'கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது' என்று பெருமை பேசிய சபையின் வாயே அதன் ஏழைகளுக்கு எதிரான வாதமாக வந்து நின்றது. சாதி இல்லை என்றால் சலுகை எதற்கு? சாதி உண்டு என்று ஒப்புக்கொண்டால், இத்தனை காலம் செய்த பிரசங்கம் என்னாவது? எண்பதுகளுக்குப் பிறகு தலித் கிறிஸ்தவ அமைப்புகளும் சில ஆயர்களும் வெட்கத்தை விட்டு இரண்டாவதைச் சொல்லத் தொடங்கினார்கள். 1990-களில் சி.எஸ்.ஐ. சென்னைப் பேராயராக இருந்த எம். அசரியா இதை வெளிநாட்டு மேடைகள் வரை கொண்டு போனவர்களில் முக்கியமானவர்.

அடையாளம் மறுக்கப்படுவதால் இழப்பது இட ஒதுக்கீடு மட்டுமல்ல. தனித் தொகுதியில் போட்டியிட முடியாது. சாதி வெறியில் அடி வாங்கினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது. அடிக்கிறவர் ஞானஸ்நானச் சான்றிதழைப் பார்த்துவிட்டா அடிக்கிறார்? தமிழ்நாட்டில் இவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள், அந்த வரிசையில் தங்களைவிட வசதியான பல சாதிகளோடு போட்டியிட வேண்டும். சான்றிதழில் இந்து, ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று இரட்டை வாழ்க்கை வாழும் குடும்பங்கள் உருவானது இதனால்தான்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-ல், பட்டியல் சாதி அந்தஸ்துக்கு மதத்தை நிபந்தனையாக வைக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. மத்திய அரசு அதை ஏற்கவில்லை. 2022 அக்டோபரில், முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் தமிழக சட்டமன்றம் ஆதரவாகத் தீர்மானம் நிறைவேற்றியது. எதிர்ப்பவர்களின் வாதத்தையும் சொல்ல வேண்டும்: ஏற்கெனவே இருக்கும் ஒதுக்கீட்டில் பங்கு குறையும் என்ற பயம் இந்து தலித்துகளில் ஒரு பகுதியினருக்கு இருக்கிறது, அதை வெறும் மதவெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது. மதம் மாற ஊக்கம் கொடுத்ததாகிவிடும் என்பது இந்துத்துவ அமைப்புகளின் வாதம்.

விரகாலூரிலிருந்து ராஞ்சிக்கு

நிலத்தைப் பற்றிப் பேசிய பாதிரியார்களின் வரிசையில் நம் காலத்தில் அதிகம் அறியப்பட்ட பெயர் ஸ்டேன் சுவாமி. 1937-ல் பழைய திருச்சி மாவட்டத்தின் விரகாலூரில் பிறந்த இயேசு சபைக் குரு. வாழ்க்கையின் பெரும்பகுதியைக் கழித்தது இன்றைய ஜார்க்கண்டில், ஆதிவாசிகளோடு. ஐந்தாவது அட்டவணை தரும் உரிமைகள் ஏன் நடைமுறைக்கு வரவில்லை, விசாரணைக் கைதிகளாக ஆதிவாசி இளைஞர்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். பள்ளிக்கூடம் நடத்தும் பாதிரியாரோடு யாருக்கும் பெரிய சண்டை வருவதில்லை. நிலம் யாருடையது என்று கேட்கும்போதுதான் வருகிறது.

பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று, 83 வயதில், ஊபா சட்டத்தின் கீழ் கைதானார். மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்குவதால் தண்ணீர் குடிக்க உறிஞ்சுகுழலும் சிப்பரும் கேட்டு அவர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஜாமீன் கிடைக்காமல், 2021 ஜூலை 5 அன்று மும்பை மருத்துவமனையில் இறந்தார்.

சரி, அந்த நிலம் இப்போது எங்கே?

பெருமளவு கைமாறிவிட்டது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டு அருகே காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கேட்டு நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு இரண்டு தலித்துகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சொல் மாவட்டத்தைத் தாண்டி மாநிலம் முழுக்கக் கேட்டது. செங்கல்பட்டில் இந்த வழக்குகளை எடுத்து நடத்தியவர்களில் இயேசு சபைக் குருக்களும் இருந்தார்கள். ஆண்ட்ரூ மனு போட்ட அதே ஊரில் நூறு ஆண்டுகள் கழித்து இன்னொரு சபைக்காரர்கள் அதே நிலத்துக்காக மனு போட்டார்கள்.

நிபந்தனையை மீறிய விற்பனை செல்லாது என்ற நிலைப்பாட்டைச் சென்னை உயர் நீதிமன்றம் 2008-ல் உறுதிசெய்தது. மீட்பதற்கு ஆணையம், குழு என்று அரசுகள் அறிவித்ததும் உண்டு. வேகம் மட்டும் இல்லை. பட்டாவில் இன்று இருக்கும் பெயர்கள் பலம் வாய்ந்தவை. பதிவேடுகளும் கை கொடுப்பதில்லை. 1980-களில் நடந்த யூ.டி.ஆர். திட்டத்தில் பட்டா விவரங்கள் புதிதாக எழுதப்பட்டபோது, பல இடங்களில் 'டி.சி. நிபந்தனை' என்ற குறிப்பு விடுபட்டுவிட்டது என்பது நில மீட்பு அமைப்புகளின் நீண்ட காலப் புகார்.

அதனால், மனை பார்க்கப் போகும்போது ஆன்லைனில் வரும் பட்டா, சிட்டாவையும் 30 வருட வில்லங்கச் சான்றையும் மட்டும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்தால் இந்த விஷயம் கண்ணில் படாமல் போகலாம். குறிப்பு இருப்பது யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டில். தாலுகா அலுவலகத்தில் பழைய சர்வே எண்ணைக் கொடுத்து அதன் நகலைக் கேட்கலாம், தராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். நகல் வந்ததும், நிலம் முதலில் யார் பெயரில் எந்த நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்ற பத்தியைப் பாருங்கள். சில ஊர்களில் அங்கே இருப்பது, இன்றும் பக்கத்துச் சேரியில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர்.